காலையில் கடையை யார் திறப்பார்கள் என்று கேளுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "எங்கள் ஐயா பதினாலு வயதில் ரங்கூனுக்குப் போய் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். 1964இல் கையில் ஒன்றுமில்லாமல் திரும்பி, காரைக்குடியில் மறுபடி கடை வைத்துக் குடும்பத்தை நிமிர்த்தியவர். அவரையும், அவரைப் போல மலாயா, இலங்கை போய்வந்த பெரியவர்களையும் பேசவைத்துப் பதிவு செய்ய ஆசை. ஒருமுறை முயன்றேன், பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?"

பத்து நிமிடம் என்பதே பரவாயில்லை. என் முதல் பதிவு ஆறு நிமிடம். தேவகோட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், பர்மாவிலிருந்து திரும்பிய ஒரு பெரியவரைப் பட்டாலையில் உட்காரவைத்து, "உங்கள் பர்மா வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா" என்றேன். "நல்லா இருந்துச்சு. அப்புறம் அரசாங்கம் மாறுச்சு, கடையை எடுத்துக்கிட்டான், வந்துட்டோம்" என்றார். "ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்களே?" என்று எடுத்துக்கொடுத்தேன். "ஆமா" என்றார். அவ்வளவுதான். காபி வந்தது, குடித்தேன், கிளம்பினேன்.

அடுத்த மாதம் வேறு வேலையாக அதே வீட்டுக்குப் போனபோது, சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன்: "காலையில கடையை யாரு தொறப்பாங்க?"

"யாரு, பையந்தான். நாந்தான்." அப்புறம் நிறுத்தவே இல்லை. நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து வைப்பது, பூட்டின் சாவி யாரிடம் இருக்கும், சாமி படத்துக்குப் பூ வைத்த பிறகே பெட்டியைத் தொடலாம் என்பது, முதல் ஆளாகக் கடனுக்குக் கேட்டு வருகிறவரை எப்படி மரியாதை குறையாமல் உட்காரவைப்பது, பர்மியப் பெண்கள் துணியைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்வது, அவர்களிடம் பேரம் பேசத்தான் முதலில் பர்மிய எண்களைக் கற்றுக்கொண்டது. ஐம்பது நிமிடம் ஓடியது. அன்றைக்குப் பார்த்து என்னிடம் பதிவுக் கருவி இல்லை. இன்றைக்கும் வயிறெரிகிறது.

அதனால் என் பதிலின் சாரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாழ்க்கையைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் நாலு பேர் முன்னால் சொல்லத் தகுந்ததை மட்டும் சொல்வார்கள். வேலை அப்படியல்ல. அது கையிலும் காலிலும் தங்கியிருக்கிறது. துணியை முழம் போட்டதைச் சொல்லும்போது அவர்கள் கை தானாக நீளும். அந்தக் கைக்குப் பின்னாலேயே சம்பளம் வரும், அடி வாங்கியது வரும், ஊர் நினைப்பில் அழுத ராத்திரி வரும், முதல் தடவையாக வீட்டுக்கு அனுப்பிய பணம் வரும்.

போவதற்கு முன் அந்த உலகத்தின் சொற்கள் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார் வீடுகளில் அந்தக் காலத்தில் அக்கரைக்குப் போவதைக் 'கொண்டுவிக்கப் போறது' என்பார்கள். கொண்டுபோய் விற்பது என்பதன் பேச்சு வடிவம். கடையின் அடிமட்டத்தில் இருப்பவன் பெட்டியடிப் பையன். அவனுக்கு மேலே அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள் அல்லது ஏஜெண்டு. முதலாளி பெரும்பாலும் ஊரில்தான் இருப்பார். வழக்கமான ஒப்பந்தம் மூன்று வருடம். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகவே வீட்டுக்குப் போய்விடும். கணக்கு முடித்துத்தான் கப்பல் ஏற முடியும். இதெல்லாம் தெரிந்திருந்தால், "நீங்க எப்ப அடுத்தாளானீங்க?" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வியிலேயே, விஷயம் தெரிந்த ஆளிடம் பேசுகிறோம் என்று அவருக்குப் புரிந்துவிடும், நிமிர்ந்து உட்காருவார்.

கிட்டங்கி என்ற சொல்லையும் பிடித்துக்கொள்ளுங்கள். பல கடைகள் ஒரே நீளக் கூடத்தைப் பங்குபோட்டு, ஆளுக்கொரு பெட்டியும் அலமாரியும் பாயுமாக உட்கார்ந்திருக்கும் இடம். பகலில் கடை, இரவில் அதே பாயில் தூக்கம். சமையல் பொது. சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவிலும், பினாங்கில் பினாங்குத் தெருவிலும் அப்படி இருந்தன. ரங்கூனில் செட்டியார் கடைகள் மொகல் தெருவில். கிட்டங்கியில் இருந்தவரிடம், "உங்க பெட்டிக்கு அடுத்த பெட்டி யாருது?" என்று கேட்டுப் பாருங்கள். வரிசையாக இருபது கடைகளைச் சொல்வார்கள். ஆள் பெயரால் அல்ல, விலாசத்தால்: மூனா ரூனா, சூனா பானா என்று. தகப்பன், பாட்டன் பெயர்களின் முதலெழுத்துகள் அவை. அந்த எழுத்துகளின் விரிவை அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்க ஆள் இருக்காது.

உண்டியல் என்று அவர் சொன்னால் கோயில் உண்டியல் என்று நினைத்துவிடாதீர்கள். ஓரிடத்தில் கட்டிய பணத்தை வேறோர் ஊரில் வாங்கிக்கொள்ளும் சீட்டு அது. கோயில் என்றாலும் வெறும் கோயில் இல்லை. சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. போன ஊரிலெல்லாம் முருகனைக் கொண்டுபோனவர்கள் நகரத்தார். வட்டி நிலவரம் முடிவானதும், வழக்குத் தீர்ந்ததும், வேலையில்லாத பையனுக்கு வேலை பிடித்ததும் கோயிலில் கூடியபோதுதான். "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனா யாரைப் பாப்பீங்க?" என்று கேட்டால் அந்த ஊரின் தமிழ் வியாபாரமே வெளியே வரும்.

சரி, வருடங்களை எப்படிப் பிடிப்பது? "எந்த வருஷம் போனீங்க?" என்று கேட்டால் பாதிப்பேர் திணறுவார்கள், மீதிப்பேர் நம்மைத் திருப்திப்படுத்த ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். கப்பலைக் கேளுங்கள். மலாயா போனவர் ரஜுலாவில் போனேன் என்றால் அது 1973க்கு முன்னால். 1926லிருந்து ஓடிய கப்பல். நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கில் இறங்கியவர்கள் பக்கத்துத் தெருவிலேயே கிடைப்பார்கள். எம்.வி. சிதம்பரம் என்றால் அதற்குப் பிந்திய காலம். 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் தீப்பிடித்ததோடு அந்தக் கதை முடிந்தது. இலங்கை போனவரிடம், "தனுஷ்கோடியில ஏறினீங்களா, ராமேஸ்வரத்திலயா?" என்று கேட்டால் போதும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போய்விட்டது. அதற்கு முன்னா பின்னா என்பது தானே தெரிந்துவிடும். மலாயாக்காரருக்கு வாழைமர நோட்டு ஞாபகம் இருந்தால் ஜப்பான்காரன் காலத்தில் அவர் அங்கே இருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஐயாவிடம், பர்மாவில் 50, 100 கியாட் நோட்டுச் செல்லாது என்று சொன்ன அன்றைக்கு எங்கே இருந்தார் என்று கேளுங்கள். அது 1964 மே மாதம். கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டதற்குப் பின்னாலேயே விழுந்த இரண்டாவது அடி. அந்த நாளை மறந்த பர்மாக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

பர்மாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காது. நம் பக்கத்துக் கதை எப்போதும் 'இழந்தோம்' என்றே ஆரம்பிக்கிறது. இழந்தது உண்மை. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தபின் லட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும், எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1948 நிலச் சட்டத்தில் நிலம் போனது. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சிக்கு வந்தபின் கடையும் போனது. ஆனால் நிலம் எப்படி வந்தது என்பதும் கதையில் இருக்கிறது. 1930இல் நெல் விலை விழுந்தது, விவசாயி கடனைக் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த வயல் வட்டிக்கடைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. வயலை வாங்குவது வட்டிக்கடைக்காரரின் ஆசையல்ல, அவருக்குப் பணம்தான் வேண்டும் என்பது வாஸ்தவம். இருந்தாலும் வயல் போனவனுக்கு அதனால் என்ன ஆறுதல்? பெரியவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். "கடன் கட்ட முடியாதவங்க வந்தா என்ன பேசுவாங்க? நீங்க என்ன சொல்லுவீங்க?" என்று வேலையாகவே கேளுங்கள். நேர்மையான பதில் வரும். எனக்கு ஒருவர் சொன்னார், "வயலைக் குடுத்துட்டு அந்த ஆள் அதே வயல்ல கூலிக்கு நின்னாரு தம்பி, நான்தான் கணக்கு எழுதினேன்" என்று. சொல்லிவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தார். அந்த மௌனத்தையும் பதிவில் வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

அடுத்து, யாரைக் கேட்பது என்பது. செட்டிநாடு என்றதும் எல்லோரும் பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுக்கிறார்கள். அந்த வீட்டுக்குள் போய், அந்த வீட்டுக்காரரை மட்டும் பேட்டி எடுத்துவிட்டு வந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். கிட்டங்கியில் சமைத்தவர் எங்கே? கூடப் போன முடிதிருத்துபவர், சலவைத் தொழிலாளி, பண்டாரம் எங்கே? இந்தப் பக்கத்து மானாவாரிக் கிராமங்களிலிருந்து ஆள்பிடிக்கும் கங்காணியோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே? அவர்களுக்கு மண்டபம் முகாம் ஒரு பெரிய சொல். தோட்டத்துக்குப் போகிறவர்களை வெள்ளைக்காரன் தடுத்துவைத்து உடம்பைச் சோதித்ததும் அங்கேதான். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று முடிவானபின், திரும்பி வந்தவர்கள் பலர் இறங்கி வரிசையில் நின்றதும் அங்கேதான். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே வாசல். 'தாயகம் திரும்பியோர்' என்று அரசு அவர்களுக்குப் பெயர் வைத்தது. பலர் அதுவரை பார்த்தே இராத தாயகம். நுவரெலியாக் குளிரில் பிறந்து கொழுந்து பறித்த ஒரு அம்மா, சிவகங்கைச் சீமை வெயிலில் கருவேலம் வெட்டப் பழகிய கதையைச் சொல்லக் கேட்டேன். முதல் வாரம் கையில் ஏறிய முள்ளை எண்ணியதாகச் சொன்னார். புது வாழ்க்கை அமைப்பது என்று நாம் பெரிய சொல்லால் சொல்வது அவருக்கு அந்த முள்தான்.

திரும்பி வந்தவர்களிடம் வந்தபின் பார்த்த வேலையைக் கூடுதலாகக் கேளுங்கள். எல்லோரும் போனதையும் இழந்ததையும் கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். முதல் கடன் யார் கொடுத்தார்? தாயகம் திரும்பியோருக்காக 1969இல் தொடங்கிய ரெப்கோ வங்கியிலா, சொந்தக்காரரிடமா, கழுத்துச் சங்கிலியா? காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பகுதியே இருக்கிறது. அங்கே முதல் வீட்டுக்குச் சுவர் எழுப்பியது யார், எந்த மண்? பர்மிய நூடுல்ஸ் வகைகளான அத்தோவும் மொய்ங்காவும் தள்ளுவண்டியில் விற்க ஆரம்பித்தபோது உள்ளூர்க்காரர்கள் முகத்தைச் சுளித்தார்களா, சாப்பிட்டார்களா? உங்கள் ஐயா 1964இல் வைத்த கடைக்கு முதல் சரக்கு எங்கே கடனாக எடுத்தார் என்ற ஒரே கேள்வியில் ஒரு சாயங்காலம் போய்விடும்.

பெண்களை மறந்துவிடாதீர்கள். கொண்டுவிக்கப் போனவர்கள் பெரும்பாலும் மனைவியைக் கூட்டிப்போகவில்லை. கல்யாணமாகி ஆறு மாதத்தில் கப்பல், மூன்று வருடம் கழித்து ஒரு முகம். அந்த மூன்று வருடமும் வீட்டை நடத்தியது ஆச்சிதான், அதாவது அந்த மனைவிதான். நெல் அளந்தது, கூலி கொடுத்தது, சிறுவாட்டுப் பணத்தை வட்டிக்கு விட்டது, மாமியாரோடு ஒரே வளவில் (நடு முற்றமுள்ள வீட்டின் உட்பகுதியில்) தனி அடுப்பு வைத்துச் சமாளித்தது எல்லாம் வேலைதான். ஆனால் "ஆச்சி, நீங்க என்ன வேலை பாத்தீங்க?" என்றால், "நான் என்ன வேலை பாத்தேன், வீட்லதான் இருந்தேன்" என்பார்கள். "கடுதாசி வந்தா யாரு படிச்சுக் காட்டுவாங்க?" என்று கேளுங்கள். ஒரு ஆச்சி, கணவர் கடிதத்தைக் கொழுந்தன் உரக்கப் படித்ததால் தனக்கென்று ஒரு வரிகூட அதில் இருந்ததில்லை என்றும், அதற்காகவே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதாகவும் சொன்னார். ஆண்கள் கூட இருந்தால் இதெல்லாம் வராது. நடுவில் புகுந்து "அப்படி இல்லை" என்று திருத்துவார்கள். அவர்களைக் காபி போடச் சொல்லி உள்ளே அனுப்ப முடியாது என்பதால், மதியம் அவர்கள் தூங்கும் நேரத்தில் போவேன்.

பதிவு செய்யும் முறைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கைப்பேசியே போதும். அழைப்பு வராதபடி 'ஏரோபிளேன் மோடில்' போட்டுவிட்டு, மடித்த துண்டின் மேல், அவர் வாய்க்கு ஒரு முழ தூரத்தில் வையுங்கள். பெரிய சிக்கல் எதிரொலி. நம் பெரிய வீடுகளின் வழவழச் சுவரிலும் கல் தரையிலும் குரல் முட்டி முட்டித் திரும்பும். வளவில் உட்கார்ந்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். சின்ன அறை, ஜமக்காளம், மெத்தை இருக்கும் இடம் நல்லது. மின்விசிறியை நிறுத்துங்கள். சித்திரையில் இதைச் சொல்வது பாவம்தான், அதனால் மார்கழி, தையில் போங்கள். தொடங்கும்போதே தேதி, ஊர், பேசுபவர் பெயரை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். இரண்டாம் தடவை போவதுதான் முக்கியம். முதல் நாள் இரவு படுக்கையில் அவருக்கு ஞாபகம் வந்ததெல்லாம் அன்றைக்குத்தான் கிடைக்கும்.

கையில் பிடிக்கிற மாதிரி ஒரு சாமானை எடுத்துவரச் சொல்லுங்கள். பழைய பாஸ்போர்ட், பேரேடு, மங்குத் தூக்கு, பர்மா அரக்குப் பெட்டி, எதுவானாலும். தகரப்பெட்டி திறந்தால் பேச்சும் திறக்கும். பேரேட்டில் மா, காணி, முந்திரி என்று தமிழ்ப் பின்னத்தில் எழுதியிருந்தால் அவரையே வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். அதைச் சரளமாக வாசிக்கிறவர்கள் விரைவாகக் குறைந்து வருகிறார்கள்.

ஞாபகம் ஏமாற்றும். 1945இல் பிறந்த ஒருவர், "நாங்க பர்மாவிலேருந்து காட்டு வழியா நடந்து வந்தோம்" என்று கண்ணீரோடு சொன்னார். நடந்தது 1942இல், அவர் அப்பச்சி, அதாவது அப்பா. நூறு தடவை கேட்டு வளர்ந்ததில் அந்த நடை அவருடையதாகவே ஆகிவிட்டது. பொய் என்று ஒதுக்காதீர்கள், முகத்துக்கு நேராகத் திருத்தவும் வேண்டாம். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், "இதை உங்க அப்பச்சி எப்பச் சொல்லுவாங்க, ராத்திரி சாப்பாட்டு நேரத்திலயா?" என்று கேளுங்கள். அதுவும் நல்ல கதை.

பேசக் கூடாத விஷயங்களும் வரும். அக்கரையில் இன்னொரு குடும்பம் இருந்த வீடுகள் உண்டு. நீங்களாகக் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால், சொல்லி முடித்ததும் கருவியை நிறுத்தி, "இது இருக்கட்டுமா ஐயா, எடுத்துடவா?" என்று கேளுங்கள். கடன்காரர் பெயர், சொத்துத் தகராறு, பங்காளிச் சண்டை எல்லாம் அப்படித்தான். எதை இப்போதே வெளியில் கொடுக்கலாம், எதைத் தன் காலத்துக்குப் பிறகு கொடுக்கலாம் என்று அவரே முடிவு செய்யட்டும். அதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஆரம்பத்தில் நான் இதைச் செய்யவில்லை. ஒரு பதிவின் துண்டு குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றி, அண்ணன் தம்பிக்குள் ஆறு மாதம் பேச்சு நின்றுபோனது. அந்த வீட்டு வாசலை இன்னும் நான் மிதிக்கவில்லை.

எழுத்தாக்கும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். 'வந்துச்சு' அப்படியே இருக்கட்டும். உள்ளே கிடக்கும் மலாய், பர்மியச் சொற்களைக் கேட்டபடியே எழுதி, பொருளை ஓரத்தில் குறியுங்கள். கோப்பு மூன்று இடத்தில் இருக்க வேண்டும், ஒன்றாவது வேறு ஊரில். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் 1979லிருந்து இப்படி வாய்மொழி வரலாறு சேர்க்கிறது, தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. தொடங்குமுன் இரண்டையாவது கேளுங்கள். பேட்டி எடுப்பவர் எவ்வளவு குறைவாகப் பேசுகிறார் என்று கவனியுங்கள்.

கடைசியாக, கேட்காத கேள்வி ஒன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஐயாவிடம் பேசி முடித்தபின், ஊரில் ஓட்டல் சமையற்கட்டிலும் கட்டட வேலையிலும் இருக்கும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளிடமும் போங்கள். அவர்களும் கொண்டுவிக்க வந்தவர்கள்தான். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனிடம் போன வருடம் அதே கேள்வியைக் கேட்டேன்: காலையில் கடையை யார் திறப்பார்கள்? "நான்தான் அண்ணா. சாவி என்கிட்ட குடுத்துட்டாங்க" என்று தமிழிலேயே சொல்லி, சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினான். வந்து எத்தனை மாதத்தில் சாவி கைக்கு வந்தது என்று கேட்டேன். பதினான்கு மாதம் என்றான், நாள் கணக்கோடு.